டிஎன்எஸ் சர்வரில் ‘அப்டேட் டினைட்’: அழையாமல் வரும் மாற்றக் கோரிக்கைகளைக் கையாளும் வழி

பைண்ட் 9 மென்பொருளைக் கொண்டு, பெயர்களுக்குரிய முகவரியைச் சொல்லும் ஒரு டிஎன்எஸ் சர்வரை அமைத்து, சில நாட்கள் ஓடவிட்டு, நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்தால் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: ‘கிளையன்ட் 192.168.10.57#51514: அப்டேட் எக்சாம்பிள்.காம்/ஐஎன் டினைட்’. ஒரு வரியோடு நிற்காது. பல முகவரிகளிலிருந்து நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். புதிதாகப் பொறுப்பேற்றவர் இதைப் பார்த்ததும் யாரோ சர்வரைத் தாக்குகிறார்கள் என்று பதறுவது இயல்பு.

‘டினைட்’ என்று எழுதியிருந்தால் சர்வர் மறுத்துவிட்டது என்று பொருள். எந்தப் பதிவும் மாறவில்லை. பதற்றத்தில் செய்யப்படும் இரண்டு காரியங்கள்தான் உண்மையில் கெடுதல் தருகின்றன. ஒன்று, வந்த முகவரியை ஃபயர்வாலில் அடைத்துவிடுவது. அந்தக் கணினி உங்கள் சர்வரை நம்பிப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தால், அதன் பயனருக்கு இணையமே நின்றுபோகும். மற்றொன்று, லாக் வரி வராமல் இருப்பதற்காகக் கோரிக்கைகளை ஏற்கும்படி அமைப்பைத் தளர்த்துவது. இது முதலாவதைவிடப் பல மடங்கு மோசம். இந்தக் கணினி ஏன் என் சர்வரிடம் வந்தது என்ற கேள்விக்கு விடை தேடுங்கள். மற்றவை அதிலிருந்தே தெளிவாகும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். நடுவில் வரும் சிறு கோடுகளை விட்டுவிடாதீர்கள்.

கோரிக்கை எங்கிருந்து பிறக்கிறது

பெயரைக் கொடுத்து முகவரியைக் கேட்பது மட்டுமே டிஎன்எஸ் என்று பலர் நினைக்கிறார்கள். 1997 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2136 என்ற இணையத் தரநிலை ஆவணம், அதே 53-ஆம் போர்ட் வழியாக ‘இந்தப் பதிவைச் சேர், அந்தப் பதிவை நீக்கு’ என்று சர்வரிடம் கேட்கவும் வழி செய்தது. கோரிக்கையின் வகையைச் சொல்லும் எண்ணே ஆப்கோட். சாதாரணத் தேடலின் ஆப்கோட் 0. மாற்றக் கோரிக்கையின் ஆப்கோட் 5. எந்த மண்டலத்தில் மாற்றம் வேண்டும், அதற்கு முன்நிபந்தனை என்ன, மாற்றம் என்ன என்று அந்தக் கோரிக்கை பகுதி பகுதியாகச் சொல்லும். உங்கள் சர்வர் பொறுப்பேற்றிருக்கும் பெயர்த் தொகுதியைத்தான் மண்டலம் என்கிறோம். அனுமதி இல்லாதவருக்குச் சர்வர் தரும் பதில் ‘ரெஃப்யூஸ்ட்’. அதன் எண்ணும் 5.

2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 வந்தபோது, அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அதன் ஆக்டிவ் டைரக்டரி முழுக்க டிஎன்எஸ்ஸைச் சார்ந்து அமைந்தது. ஆகவே ஒவ்வொரு விண்டோஸ் கணினியும் தன் பெயரையும் முகவரியையும் தானே டிஎன்எஸ்ஸில் பதிந்துகொள்ளும் வழக்கத்தோடு வெளிவந்தது. இன்றைய விண்டோஸ் 11 வரை அந்த வழக்கம் தொடர்கிறது. கணினி தொடங்கும்போதும், முகவரி மாறும்போதும், இயல்பு அமைப்பில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையும் அது முயன்று பார்க்கும். நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

சரியான சர்வரை அது கண்டுபிடிக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். தன் முழுப்பெயர் எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்று பார்த்து, அந்த மண்டலத்தின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏ பதிவைத் தேடி எடுக்கும். அந்தப் பதிவின் முதல் இடத்தில் முதன்மை சர்வரின், அதாவது மண்டலத்தின் மூலப் பிரதியை வைத்திருக்கும் சர்வரின், பெயர் இருக்கும். கோரிக்கை அந்தப் பெயருக்குப் போகும். முதலில் கையொப்பம் இல்லாமல் கேட்கும். மறுத்தால் ஜிஎஸ்எஸ்-டிசிக் எனப்படும், கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையைச் சார்ந்த கையொப்பத்தோடு கேட்க முயலும். ஆக, மறுப்பு வரியின் பின்னாலேயே கையொப்பச் சாவியைப் பேசி முடிவு செய்யும் ‘டிகீ’ வகைத் தேடல் ஒன்று அதே முகவரியிலிருந்து வந்தால், எதிரில் இருப்பது பெரும்பாலும் ஓர் அப்பாவி விண்டோஸ் கணினி.

பெயரிலிருந்து முகவரிக்கான பதிவோடு, முகவரியிலிருந்து பெயருக்கான பிடிஆர் பதிவையும் அது எழுதப் பார்க்கும். அதனால்தான் லாகில் ‘168.192.இன்-ஏடிடிஆர்.ஆர்பா’ போன்ற தலைகீழ் மண்டலங்களின் பெயர்களும் வருகின்றன. தனியார் முகவரிகளுக்கான இந்த மண்டலங்களை உள்ளே வைத்திருக்காத வலையமைப்புகளிலிருந்து இக்கோரிக்கைகள் பொது இணையத்துக்கே கசிந்தன. அவற்றை வாங்கிக்கொள்வதற்கென்றே ஏஎஸ் 112 என்ற தன்னார்வத் திட்டம் உலகெங்கும் சர்வர்களை நடத்துகிறது. அந்த மண்டலங்களின் எஸ்ஓஏ பதிவில் முதன்மை சர்வராக ‘பிரிசனர்.ஐயானா.ஆர்க்’ என்ற பெயர் இருக்கிறது, முகவரி 192.175.48.1. வழி தவறிய கோரிக்கைகள் அங்கே போய் முடிந்துபோகின்றன. இதற்குப் பிறர் செலவு செய்கிறார்கள் என்பதும், உங்கள் கணினிகளின் உள்பெயர்கள் வெளியே தெரிகின்றன என்பதும் கவனிக்க வேண்டியவை.

வரிகளைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு நாளின் லாகை எடுத்து, ஒவ்வொரு மறுப்பு வரியிலும் வந்த முகவரி, கேட்ட மண்டலம், நேரம் ஆகிய மூன்றையும் தனியே எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் நிலைமை அப்போதே விளங்கிவிடும்.

உள் முகவரி, உங்கள் சொந்த மண்டலம், காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் ஒரு கூட்டம், பிறகு நாளுக்கு ஒன்று என்றால் அவை விண்டோஸ் கணினிகள். லினக்ஸ் கணினிகளும் உண்டு: ஆக்டிவ் டைரக்டரியில் இணைந்த கணினியில், அந்த இணைப்பைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி என்ற நிரல் இயங்கினால், இயல்பாகவே அதுவும் தன் முகவரியைப் பதிய முயலும்.

‘அப்டேட் ஃபார்வர்டிங்’ என்ற சொல்லோடு மறுப்பு இருந்தால், கோரிக்கை வந்த இடம், முதன்மையிடமிருந்து மண்டலத்தை நகலெடுத்து வைத்திருக்கும் உங்கள் துணை சர்வர். முதன்மைக்கு அதை அனுப்பித் தர அனுமதி இல்லை என்று துணை சர்வர் சொல்லியிருக்கிறது. அந்த அனுமதி அப்படி மூடியே இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வெளி முகவரி என்றதும் தாக்குதல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அதன் முழுப்பெயர் நிறுவனத்தின் டொமைனில் முடிகிறது. வீட்டு இணைப்பில் ஏறியதும் அது அந்த டொமைனின் எஸ்ஓஏ பதிவைப் பொது இணையத்தில் தேடி, உங்கள் பொது சர்வரின் பெயரைக் கண்டுபிடித்து, தன் வீட்டு முகவரியைப் பதியச் சொல்லிக் கேட்கிறது. லாகில் தெரிவதோ ஏதோ ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் முகவரி. உள் வலையமைப்புக்கும் பொதுத் தளத்துக்கும் ஒரே டொமைன் பெயரை வைத்திருக்கும் நிறுவனங்களில் இது அன்றாடம் நடக்கிறது.

இவற்றில் எதிலும் சேராதவை எஞ்சும். ஒரே முகவரி பல மண்டலங்களைத் தட்டிப் பார்ப்பது, உங்கள் பொறுப்பிலேயே இல்லாத மண்டலத்துக்கு மாற்றம் கேட்பது, காலநேர ஒழுங்கே இல்லாமல் வருவது ஆகியவை அந்த வகை. கவனம் இங்கே தேவை.

பாக்கெட்டின் உள்ளே

மறுப்பு வரி மண்டலத்தின் பெயரை மட்டுமே சொல்கிறது. எந்தப் பதிவை மாற்றக் கேட்டார்கள் என்று சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள, வலையமைப்பில் வரும் தகவல் துண்டான பாக்கெட்டைப் பிடிக்க வேண்டும். சர்வரில் டிசிபிடம்ப் கருவியை ஓட்டி, 53-ஆம் போர்ட்டில் அந்தக் குறிப்பிட்ட முகவரியிலிருந்து வருவதை மட்டும் ஒரு கோப்பில் சேமியுங்கள். அதை வயர்ஷார்க்கில் திறந்து, வடிகட்டியில் ‘டிஎன்எஸ்.ஃபிளாக்ஸ்.ஆப்கோட் == 5’ என்று கொடுத்தால் மாற்றக் கோரிக்கைகள் மட்டும் நிற்கும்.

கேட்ட பெயர் அந்தக் கணினியின் பெயராகவும், முகவரி அதன் சொந்த முகவரியாகவும் இருந்தால் அது வழக்கமான பதிவு முயற்சி. பெயர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்றோ ‘மெயில்’ என்றோ இருந்தால், அல்லது மின்னஞ்சல் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ், டிஎன்எஸ் சர்வரைக் காட்டும் என்எஸ் வகைப் பதிவாக இருந்தால், எந்த மேசைக் கணினிக்கும் அது தேவைப்படாது. இரண்டு பெயர்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். ஒன்று ‘டபிள்யூபிஏடி’. வலையமைப்பின் ப்ராக்ஸி சர்வரை உலாவிகள் தேடிப் போகும் பெயர் அது. அதைத் தன் முகவரிக்குப் பதிந்துவிட்டவர் மற்றவர்களின் இணையப் போக்குவரத்தைத் தன் வழியே திருப்பலாம். இந்த அபாயத்துக்காகவே விண்டோஸ் சர்வர் 2008 முதல் மைக்ரோசாஃப்ட் தன் டிஎன்எஸ் சர்வரில் அந்தப் பெயருக்கு இயல்பாகப் பதில் தராதபடி தடைப்பட்டியல் வைத்தது. மற்றொன்று ‘_ஆக்மி-சேலஞ்ச்’ என்ற பெயரில் டிஎக்ஸ்டி எனப்படும் உரைப் பதிவு. இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் ஒரு டொமைன் யாருடையது என்பதைச் சோதிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. இதை உங்கள் மண்டலத்தில் எழுத முடிந்தவர் உங்கள் தளத்தின் பெயரில் செல்லுபடியாகும் சான்றிதழையே வாங்கிவிட முடியும்.

கதவு உண்மையில் மூடியிருக்கிறதா

லாகில் மறுப்பு வருகிறது என்பதால் எல்லா மண்டலமும் மூடியிருக்கிறது என்று ஆகாது. ஏற்கப்பட்ட கோரிக்கை ‘டினைட்’ என்று எழுதாது. ஆகவே இதை நேரில் சோதியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதையே செய்யுங்கள்.

‘நேம்ட்-செக்கான்ஃப் -பி’ என்ற கட்டளை, பல கோப்புகளில் சிதறிக் கிடக்கும் அமைப்பு முழுவதையும் ஒரே ஓட்டமாகத் திரையில் காட்டும். அதில் ‘அலோ-அப்டேட்’ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். எங்கும் இல்லையென்றால் நல்லது. பைண்டின் இயல்பு நிலை யாருக்கும் அனுமதி இல்லை என்பதே. ‘எனி’ என்ற சொல்லோடு இருந்தால் உடனே நீக்குங்கள். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய மாதிரி அமைப்புகளிலிருந்து இது நுழைந்துவிடுகிறது.

முகவரி வரம்பு கொடுத்திருந்தால், அதாவது 192.168.10.0/24 என்பது போல, அதையும் நீக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாற்றக் கோரிக்கை யுடிபி என்ற அனுப்பும் முறை வழியாக ஒரே பாக்கெட்டில் வந்து முடிந்துவிடலாம். அனுப்பியவர் உண்மையில் அந்த முகவரியில்தான் இருக்கிறாரா என்று உறுதிசெய்யும் கைகுலுக்கல் யுடிபியில் இல்லை. மாற்றம் நடந்தால் போதும், பதில் தன்னிடம் திரும்பி வர வேண்டியதில்லை என்று நினைப்பவர் பொய் முகவரியோடு அனுப்பிவிடலாம். உறையின் பின்புறம் எழுதியிருக்கும் அனுப்புநர் பெயரைப் பார்த்தே கடிதத்தை நம்புவதற்கு இது சமம்.

துணை சர்வரின் விஷயமும் இதோடு சேர்ந்ததே. முதன்மை சர்வர் முகவரியைப் பார்த்து அனுமதிக்கிறது, துணை சர்வர் யார் கேட்டாலும் கோரிக்கையை முதன்மைக்கு அனுப்பித் தருகிறது என்று வையுங்கள். முதன்மையின் கண்ணுக்கு எல்லாக் கோரிக்கையும் நம்பகமான துணை சர்வரிடமிருந்து வருவதாகவே தெரியும். ‘அலோ-அப்டேட்-ஃபார்வர்டிங்’ இயல்பில் மூடியிருப்பதன் காரணம் இதுதான்.

அடுத்து சோதனை. வேறொரு கணினியில் ‘என்எஸ்அப்டேட்’ கருவியைத் திறந்து, ‘சர்வர்’ என்ற சொல்லோடு உங்கள் சர்வரின் முகவரி, ‘ஸோன்’ என்ற சொல்லோடு மண்டலத்தின் பெயர், பிறகு ‘அப்டேட் ஆட்’ என்று தொடங்கி ஒரு சோதனைப் பெயர், 300 என்ற ஆயுள், ‘ஏ’ என்ற வகை, 192.0.2.1 என்ற முகவரி, கடைசியாக ‘சென்ட்’ என்று கொடுங்கள். 192.0.2 என்று தொடங்கும் வரம்பு எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ‘அப்டேட் ஃபெயில்ட்: ரெஃப்யூஸ்ட்’ என்று வந்தால் கதவு மூடியிருக்கிறது. எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் திறந்திருக்கிறது. சோதனைப் பதிவை உடனே நீக்கிவிட்டு அமைப்பைத் திருத்துங்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும், உள்ளிருந்து ஒரு முறை, வெளியிலிருந்து ஒரு முறை செய்யுங்கள். உங்கள் பொறுப்பில் இல்லாத சர்வரில் இதை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள். ஆர்வம் என்ற காரணம் சட்டத்தின் முன் நிற்காது.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு என்று தோன்றலாம். 2016-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் 29 லட்சம் டொமைன்களைத் தற்செயலாகத் தேர்ந்து இதே வகைச் சோதனையைச் செய்தபோது, 1,877 டொமைன்கள் கையொப்பமில்லாத மாற்றங்களை ஏற்றன. அவர்கள் கண்ட திறந்த கதவுகளில் அரசு அமைப்புகள், மருத்துவச் சேவைகள், வங்கிகள் சார்ந்தவையும் இருந்தன. விழுக்காடு சிறியதுதான். ஆனால் அந்த 1,877-இல் ஒன்றாக இருப்பவருக்கு விழுக்காடு ஆறுதல் தராது.

மறுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 2009 ஜூலையில் வெளிவந்த சிவிஇ-2009-0696 என்ற குறைபாட்டில், வேண்டுமென்றே பிழையாகச் செய்த ஒரே ஒரு மாற்றக் கோரிக்கை, முதன்மை சர்வராக இருக்கும் பைண்டை அப்படியே நின்றுபோகச் செய்தது. அனுமதி மூடியிருந்தாலும் பயனில்லை. அனுமதியைப் பார்ப்பதற்கு முன்பே சர்வர் விழுந்துவிட்டது. மென்பொருளைப் புதுப்பித்தது மட்டுமே தீர்வாக இருந்தது. உங்கள் பைண்டின் பதிப்பு எண்ணை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

பைண்ட் அல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: என்எஸ்டி இந்த வசதியையே தருவதில்லை. பவர்டிஎன்எஸ்ஸில் இது இயல்பாக அணைந்திருக்கும். விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரில் மண்டலத்தின் பண்புகளில் மூன்று நிலைகள் உண்டு; அவற்றில் பாதுகாப்பற்றதையும் ஏற்கும் நிலை இருக்கவே கூடாது. பாதுகாப்பானதை மட்டும் ஏற்கும் நிலையிலும், டொமைனில் உள்நுழைந்த எந்தப் பயனரும் இதுவரை இல்லாத பெயரைப் புதிதாகச் சேர்க்க இயல்பு அனுமதி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சத்தத்தை ஊற்றில் நிறுத்துவது

அப்பாவிக் கணினிகள்தான் என்று உறுதியானதும், அவை கேட்காமல் இருக்கச் செய்யலாம். எந்த இடத்தில் செய்வது என்பதில் கவனம் தேவை.

அலுவலகத்தில் ஆக்டிவ் டைரக்டரி இருந்தால் பதிவதை அணைக்காதீர்கள். அந்தக் கணினிகளுக்கு அது தேவை. ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் டொமைன் கன்ட்ரோலர்கள், தங்கள் சேவை இருக்கும் இடத்தைக் காட்டும் எஸ்ஆர்வி பதிவுகளை இப்படித்தான் எழுதிக்கொள்கின்றன. அவை உங்கள் பைண்டிடம் வருகின்றன என்றால், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை தவறான டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்கிறது, அல்லது எஸ்ஓஏ பதிவில் முதன்மையாக உங்கள் சர்வரின் பெயர் இருக்கிறது. அதைத் திருத்துங்கள்.

ஆக்டிவ் டைரக்டரி இல்லாத இடத்தில், விண்டோஸின் இணைப்புப் பண்புகளில் ஐபி பதிப்பு 4-ஐத் திறந்து, மேம்பட்ட அமைப்பில் டிஎன்எஸ் பகுதிக்குப் போனால், இந்த இணைப்பின் முகவரிகளை டிஎன்எஸ்ஸில் பதிவு செய்வது குறித்த தேர்வுப்பெட்டி இருக்கும். அதன் குறியை எடுத்துவிடுங்கள். பதிப்பு 6-க்கும் தனியே செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, வரி நிற்கவில்லையே என்று தேடுகிறார்கள். பல கணினிகள் என்றால் பவர்ஷெல்லின் ‘செட்-டிஎன்எஸ்கிளையன்ட்’ கட்டளையால் ஒரே சிறு நிரலில் முடிக்கலாம். எஸ்எஸ்எஸ்டியில் ‘டின்டிஎன்எஸ்_அப்டேட்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் போதும்.

வீட்டிலிருந்து வரும் மடிக்கணினிகளுக்கு நிரந்தரத் தீர்வு, உள் வலையமைப்புக்குத் தனிக் கிளைப் பெயர் வைப்பது: ‘உள்’ என்ற பொருளில் ஏதாவது ஒரு கிளை, அதன் கீழே கணினிகள். அந்தக் கிளை பொது இணையத்தில் தெரியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இது பெரிய வேலை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு மணி நேரச் சிந்தனைதான். பொது மண்டலத்தின் எஸ்ஓஏ பதிவில் உள்ள முதன்மைப் பெயரை மாற்றியும் கோரிக்கைகளைத் திசைதிருப்பலாம். ஆனால் மண்டலம் மாறியதைத் துணை சர்வர்களுக்கு அறிவிக்கும்போது, அந்தப் பெயருக்குரிய சர்வரை பைண்ட் இயல்பாக விட்டுவிடும். ஒரு துணை சர்வரின் பெயரை அங்கே எழுதினால் அதற்கு அறிவிப்பு போகாது, மாற்றங்கள் தாமதமாகும்.

மறுப்பு வரிகளைப் பார்த்துத் தானாக முகவரிகளை அடைக்கும் கருவிகளைப் பற்றி ஒரு சொல். ஃபெயில்2பேன் கருவியிலேயே பைண்டுக்கான அமைப்பு உண்டு. யுடிபிக்கு அதை இயக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அந்தக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பொய் முகவரியோடு சில பாக்கெட் அனுப்பி, நீங்கள் நம்பியிருக்கும் சர்வரை உங்கள் கையாலேயே அடைக்க வைத்துவிடலாம் என்பதே காரணம். அந்த எச்சரிக்கையை மதியுங்கள்.

லாக் வரிகளை மறைத்துவிடுவதும் தீர்வாகாது. பைண்டில் மறுப்புகள் ‘அப்டேட்-செக்யூரிட்டி’ என்ற வகையிலும், ஏற்கப்பட்ட மாற்றங்கள் ‘அப்டேட்’ என்ற வகையிலும் எழுதப்படுகின்றன. இரண்டையும் தனித்தனிக் கோப்புக்கு அனுப்பி, கோப்பின் அளவுக்கு வரம்பு வையுங்கள். பொது லாக் சுத்தமாகும். தேவைப்படும் நாளில் சான்றும் இருக்கும்.

மாற்றம் உண்மையிலேயே தேவை என்றால்

கணினிகளின் பெயர்கள் தானாகப் பதிய வேண்டும் என்பது நியாயமான தேவை. அதைச் சாவியோடு செய்யுங்கள். டிசிக் என்ற கையொப்ப முறை 2000-இல் ஆர்எஃப்சி 2845 ஆக வந்து, 2020-இல் ஆர்எஃப்சி 8945 ஆகப் புதுப்பிக்கப்பட்டது. ‘டிசிக்-கீஜென்’ கட்டளை ஒரு பெயரோடு சாவியை உருவாக்கித் தரும். அந்தக் கோப்பை பைண்டும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கும் மட்டுமே படிக்கும்படி வையுங்கள்.

சாவியை எல்லாக் கணினிக்கும் கொடுக்கக் கூடாது. டிஎச்சிபி சர்வர் ஒன்றிடம் மட்டும் கொடுத்து, அதுவே எல்லாருக்காகவும் பதியட்டும். பைண்டை உருவாக்கும் ஐஎஸ்சி நிறுவனத்தின் பழைய டிஎச்சிபி மென்பொருளின் பராமரிப்பு 2022-இல் நின்றுவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர் அதே நிறுவனத்தின் கியா மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருடைய பெயரை இன்னொருவர் கைப்பற்றாமல் இருக்க, அது டிஎச்சிஐடி என்ற பதிவை ஒவ்வொரு பெயரோடும் எழுதிச் சரிபார்க்கிறது. இந்தச் சரிபார்ப்பை அணைக்காதீர்கள். டிஎச்சிபிக்கு முன்னால் வந்து நிற்கும் கணினி தன் பெயர் இதுதான் என்று எதையும் சொல்லலாம். அதற்குச் சான்று கேட்பதில்லை. விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் இந்த வழியே பிறர் பதிவுகளை மாற்ற முடிவதை 2023 டிசம்பரில் அகமாய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினார்கள்.

பைண்டின் பக்கம் ‘அலோ-அப்டேட்’ என்பதை விட்டுவிட்டு ‘அப்டேட்-பாலிசி’ பயன்படுத்துங்கள். ஒரே மண்டலத்தில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. எந்தச் சாவி, எந்தப் பெயரில், எந்த வகைப் பதிவை எழுதலாம் என்று இதில் சொல்ல முடியும். டிஎச்சிபியின் சாவிக்கு முகவரிப் பதிவுகளான ஏ, ஏஏஏஏ, அவற்றோடு டிஎச்சிஐடி மட்டும். சான்றிதழ் புதுப்பிக்கும் நிரலின் சாவிக்கு ‘_ஆக்மி-சேலஞ்ச்’ என்ற ஒரே பெயர், டிஎக்ஸ்டி என்ற ஒரே வகை. மாறும் பெயர்கள் தனி மண்டலத்தில் இருக்கட்டும். இணையதளமும் மின்னஞ்சலும் இருக்கும் மண்டலத்தைத் தொட எந்தச் சாவிக்கும் உரிமை வேண்டாம்.

அமைத்தபின் வரும் தடைகள் பெரும்பாலும் மூன்றே. ‘பேட்டைம்’ என்று வந்தால் இரு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. வழக்கமாக 300 விநாடி வரைதான் பொறுக்கும், கடிகாரங்களை ஒத்துவைக்கும் என்டிபியைச் சரிசெய்யுங்கள். ‘பேட்கீ’ என்றால் சாவியின் பெயர் இரு பக்கமும் ஒன்றாக இல்லை. கையொப்பம் சரியாக இருந்தும் ‘சர்வ்ஃபெயில்’ வந்தால், பைண்டுக்கு அந்த அடைவில் எழுத அனுமதி இல்லை. உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் கருவி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவில் பைண்டை எழுத விடாது; மாறும் மண்டலங்களை ‘வார்’ அடைவுக்குள் ‘லிப்’, அதனுள் ‘பைண்ட்’ என்ற இடத்துக்கு மாற்றுங்கள். இனி அந்த மண்டலக் கோப்பைக் கையால் திருத்தும் முன் ‘ஆர்என்டிசி ஃப்ரீஸ்’, திருத்திய பின் ‘ஆர்என்டிசி தா’ (‘உருகவிடு’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்) கொடுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

யாரோ மாற்றியே விட்டிருந்தால்

மாற்றத்துக்கு அனுமதி இல்லாத மண்டலத்தின் கோப்புக்குப் பக்கத்தில் ‘ஜேஎன்எல்’ என்று முடியும் கோப்பு இருந்தால் நின்று பாருங்கள். மாற்றங்களை பைண்ட் எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. மண்டலம் மாறும்போதெல்லாம் கூடும் எஸ்ஓஏ வரிசை எண், நீங்கள் தொடாமலே கூடியிருப்பதும், மண்டலக் கோப்பில் நீங்கள் எழுதிய குறிப்புகள் காணாமல் போய் வரிகள் வேறு ஒழுங்கில் நிற்பதும் அதே கதையைச் சொல்லும்.

எதையும் அழிப்பதற்கு முன் மண்டலக் கோப்பு, ஜேஎன்எல் கோப்பு, லாக் ஆகியவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள். ‘நேம்ட்-ஜர்னல்பிரின்ட்’ கட்டளை ஜேஎன்எல் கோப்பைப் படிக்கும் வடிவில் காட்டும். எந்தப் பதிவு நீங்கியது, எது சேர்ந்தது என்று வரிவரியாகத் தெரியும். எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை ‘அப்டேட்’ வகை லாக் சொல்லும், அந்த முகவரி பொய்யாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு.

பிறகு அனுமதியை மூடி, பைண்டை நிறுத்தி, நல்ல நகலிலிருந்து மண்டலக் கோப்பை மீட்டு, ஜேஎன்எல் கோப்பை அகற்றுங்கள். அது அங்கேயே இருந்தால் கோப்போடு பொருந்தவில்லை என்று சொல்லி மண்டலமே ஏறாமல் போகலாம். வரிசை எண்ணை, மாற்றியவர் கொண்டுபோய் நிறுத்திய எண்ணைவிடக் கூட்டி எழுதுங்கள். பழைய எண்ணோடு மீட்டால், துணை சர்வர்கள் தங்களிடம் இருப்பதே புதியது என்று நம்பி, கெட்ட பதிவுகளையே தொடர்ந்து கொடுக்கும். உலகெங்கும் உள்ள மற்ற சர்வர்களின் நினைவகத்தில், அந்தப் பதிவின் ஆயுள் முடியும்வரை பழைய விடை இருக்கும். அதை உங்களால் திரும்பப் பெற முடியாது.

சான்றிதழ்களின் பொதுப் பதிவேட்டில் உங்கள் டொமைனைத் தேடுங்கள், ‘சிஆர்டி.எஸ்ஹெச்’ தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நீங்கள் கேட்காத சான்றிதழ் அந்த நாட்களில் வழங்கப்பட்டிருந்தால், வழங்கிய அமைப்பிடம் சொல்லி ரத்து செய்யுங்கள். டிசிக் சாவி கசிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், பழைய சாவியை அன்றே நீக்கிவிட்டு வேறு பெயரில் புதிய சாவியை உருவாக்குங்கள். அதே பெயரில் புதிய சாவி வைத்தால், எந்தக் கணினியில் இன்னும் பழையது இருக்கிறது என்று லாகிலிருந்து கண்டுபிடிப்பது கடினம்.